செல்போன் அலைவரிசைப் பங்கீடும் குறுக்கீடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செல்போன் டவர்களுக்கு அலைவரிசைத் திட்டம் போடுவது என் வேலை. 2000-களின் தொடக்கத்தில் 2ஜி-யில் ஆரம்பித்து இப்போது 5ஜி வரைக்கும் அதே வேலைதான். கல்யாணம், காதுகுத்து என்று எங்கே போனாலும் யாராவது போனை நீட்டி ஒரு கேள்வி கேட்பார்கள். அப்படித் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் இந்திய ஜிஎஸ்எம் (இங்கே பரவலாக இருந்த 2ஜி முறை) நெட்வொர்க்கிலிருந்து வரும். நான் கையால் தொட்டுப் பழகியது அதுதான். குறுக்கீடு எப்படி உருவாகிறது என்று கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடமும் கிடையாது.

சிக்னல் கோடு முழுசாகக் காட்டுகிறது. ஆனாலும் பேச்சு வெட்டி வெட்டி வருகிறதே, ஏன்?

அந்தக் கோடுகள் பலத்தை மட்டும்தான் காட்டும். தெளிவு வேறு விஷயம். கல்யாண வீட்டில் கெட்டிமேளம் முழங்கும்போது பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் காதில் விழாது. அதே ஆள் ராத்திரி மொட்டைமாடியில் மெல்லப் பேசினாலும் ஒவ்வொரு சொல்லும் கேட்கும். போனுக்கும் இதே கதைதான். உங்கள் டவரின் சத்தம் எவ்வளவு, அதே அலைவரிசையில் வரும் மற்ற டவர்களின் சத்தம் எவ்வளவு, இரண்டுக்கும் உள்ள விகிதம்தான் பேச்சின் தரத்தை முடிவு செய்கிறது. எங்கள் ஆட்கள் இதை 'சி பை ஐ' என்பார்கள்.

2ஜி-யில் இந்த விகிதம் குறைந்தது 9 டெசிபல் இருக்க வேண்டும். அதாவது உங்கள் டவரின் அலை, குறுக்கே வரும் அலையைப் போல் 8 மடங்கு பலமாக இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் பேச்சு உலோகச் சத்தமாக மாறி, அப்புறம் துண்டு துண்டாகி, கடைசியில் அழைப்பே, அதாவது கால், அறுந்துவிடும். ட்ரைவ் டெஸ்ட் (வண்டியில் ஊரைச் சுற்றி சிக்னலை அளப்பது) போகும்போது பலம் அருமையாக இருந்து, தர அளவு மட்டும் 6, 7 என்று வரும் (0 நல்லது, 7 மோசம்). அதைப் பார்த்ததும் எங்களுக்குப் புரிந்துவிடும்: இங்கே டவர் குறைவில்லை, எங்கேயோ இரண்டு டவர் ஒன்றின் மேல் ஒன்று பேசுகின்றன.

ஒவ்வொரு டவருக்கும் தனித்தனி அலைவரிசை கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

தீரும், ஊருக்கு நூறு பேர் மட்டும் பேசினால். செல் என்ற எண்ணம் வருவதற்கு முன்னால் அப்படித்தான் இருந்தது. நகரத்தின் நடுவில் உயரமாக ஒரு டவர், அதிலிருந்து பெரிய பவரில் சில சேனல்கள். 1976-இல் நியூயார்க் மாநகரத்தில் பெல் நிறுவனத்தின் மொபைல் சேவைக்கு இருந்தவை 12 சேனல்கள். சந்தாதாரர்கள் 543 பேர். காத்திருப்போர் பட்டியலில் 3,700 பேர். அவ்வளவு பெரிய ஊரில் ஒரே நேரத்தில் 12 பேர்தான் பேச முடியும்.

இதற்கு விடை 1947-இலேயே காகிதத்தில் இருந்தது. பெல் ஆய்வகத்தின் டி. எச். ரிங் எழுதிய உள்சுற்றுக் குறிப்பு அது. ஊரைச் சின்னச் சின்ன வட்டாரங்களாக (இவைதான் செல்கள்) பிரி, ஒவ்வொன்றுக்கும் குறைந்த பவரில் ஒரு டவர் வை, போதுமான தூரம் தள்ளி அதே அலைவரிசையை மறுபடி பயன்படுத்து என்பதுதான் சாரம். ஒரு வட்டாரத்திலிருந்து அடுத்ததற்குப் பேச்சை அறுக்காமல் மாற்றிக்கொடுக்கும் கருவிகள் அன்று கிடையாது. அதனால் அமெரிக்காவில் வணிகச் சேவை தொடங்க 1983 அக்டோபர் ஆயிற்று. தொடங்கிய ஊர் சிகாகோ.

இந்தக் குறிப்பை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கும். கையில் இருக்கும் அலைவரிசை ஒன்றுகூடக் கூடவில்லை. ஆனால் டவர்களைச் சின்னதாக்கிக்கொண்டே போனால் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் இடம் உண்டாக்கலாம். செல்லின் ஆரத்தைப் பாதியாக்கினால் அதே பரப்பில் நான்கு மடங்கு செல்கள் அமையும், பேசக்கூடியவர்களும் நான்கு மடங்கு. விலையாக வருவதுதான் குறுக்கீடு. அதைச் சமாளிப்பதில்தான் என் வேலை நாட்கள் போகின்றன.

ஒரே அலைவரிசையை எவ்வளவு தூரம் தள்ளித் திரும்பப் பயன்படுத்தலாம்?

கிலோமீட்டரில் சொன்னால் அது தப்பான விடை. செல்லின் ஆரத்தைப் போல் எத்தனை மடங்கு என்று சொல்ல வேண்டும். அறுகோணங்களாக ஊரைப் பிரித்து, கையில் உள்ள அலைவரிசைகளை 7 செல் கொண்ட தொகுதிக்குப் பங்கிட்டு, அந்தத் தொகுதியைத் திரும்பத் திரும்ப ஒட்டிக்கொண்டே போனால், ஒரே அலைவரிசை கொண்ட இரு டவர்களின் இடைத்தூரம் ஆரத்தைப் போல் சுமார் 4.6 மடங்கு வரும். மூன்றைத் தொகுதி எண்ணால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் கிடைப்பது அது.

நகரத்தில் அலையின் பலம் தோராயமாகத் தூரத்தின் நான்காம் மடிக்கு ஏற்பக் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் ஆறு டவர்கள் தொந்தரவு கொடுக்கின்றன. அப்போது செல் எல்லையில் நிற்பவருக்கு 7 தொகுதியில் விகிதம் சுமார் 73 மடங்கு. 4 தொகுதியில் 24 மடங்கு. 3 தொகுதியில் 13 மடங்கு சொச்சம். சிகாகோவில் தொடங்கிய பழைய அனலாக் முறைக்கு 63 மடங்கு தேவைப்பட்டது. அதனால் 7 தொகுதியை விட்டு அவர்களால் இறங்க முடியவில்லை. ஜிஎஸ்எம்முக்கு 8 மடங்கு போதும். அப்படியானால் 3 போதுமே என்று தோன்றும். ஆனால் இது காகிதக் கணக்கு. நிஜ ஊரில் ஒரு டவர் மாடியின் உச்சியில் இருக்கும், இன்னொன்று பள்ளத்தில் இருக்கும், நடுவில் கண்மாய் வந்து அலையைத் தடையில்லாமல் கொண்டுபோகும். கணக்கில் வந்த 13 மடங்கு தெருவில் 5 ஆகிவிடும்.

இதில் செக்டார் பெரிய உதவி. டவரில் ஒரே ஆன்டெனாவைச் சுற்றிலும் பரப்பாமல், 120 டிகிரிக்கு ஒன்றாக மூன்று திசையில் மூன்று ஆன்டெனா வைக்கிறோம். முதுகுப் பக்கம் இருக்கும் டவர்களின் தொந்தரவு அடங்கி, ஆறு எதிரி இருந்த இடத்தில் இரண்டோ மூன்றோ மிஞ்சும்.

இந்தியாவில் ஒரு நிறுவனத்துக்கு எவ்வளவு அலைக்கற்றை இருந்தது? அதை வைத்து எப்படி ஓட்டினார்கள்?

இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31-இல், கல்கத்தாவில் இருந்த ஜோதி பாசுவுக்கும் டெல்லியில் இருந்த தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுக்கும் நடுவே நடந்தது. 2ஜி பரவிய ஆண்டுகளில் உரிமத்தோடு ஒரு நிறுவனத்துக்குக் கிடைத்தது 4.4 மெகாஹெர்ட்ஸ் ஜோடி, அதாவது போனிலிருந்து டவருக்கு 4.4, டவரிலிருந்து போனுக்கு 4.4. சந்தாதாரர் எண்ணிக்கை ஏறினால் 6.2-ம், சிலருக்கு அதற்கு மேலும் கிடைத்தது. ஜிஎஸ்எம்மில் ஒரு கேரியரின் (பேச்சைச் சுமக்கும் ஓர் அலைவரிசைத் துண்டின்) அகலம் 200 கிலோஹெர்ட்ஸ். ஆக, 4.4-ஐ வகுத்தால் 22 கேரியர். அந்த 22-ஐ வைத்துக்கொண்டு ஒரு மாநகரம் முழுவதையும் மூட வேண்டும்.

இதில் ஒவ்வொரு செக்டாருக்கும் ஒரு கேரியர் தலைக் கேரியராக இருக்கும். பிசிசிஎச் என்போம். "நான் இன்ன டவர், இன்ன செக்டார்" என்று அது ஓயாமல் அறிவித்துக்கொண்டிருக்கும். யாரும் பேசாவிட்டாலும் முழு பவரில்தான் இருக்கும், ஏனென்றால் போன்கள் அதை அளந்துதான் எந்த டவருக்குப் போவது என்று முடிவு செய்கின்றன. இதில் குறுக்கீடு வந்தால் அந்தச் செக்டாரே செவிடாகிவிடும். அதனால் இதற்குக் கஞ்சத்தனம் காட்ட முடியாது. நான்கு டவர், டவருக்கு மூன்று செக்டார், ஆக 12 கேரியரை இதற்கே ஒதுக்கிவிடுவோம். மீதி 10. எல்லையில் ஒன்றை இடைவெளியாக விட்டால் 9. இந்த 9-ஐ மும்மூன்றாகப் பிரித்து, எல்லா டவரிலும் முதல் செக்டாருக்கு 1, 4, 7, இரண்டாவதற்கு 2, 5, 8 என்று அப்படியே கொடுத்துவிடுவோம். பக்கத்து டவரிலும் அதே மூன்று, அதற்கடுத்த டவரிலும் அதே மூன்று.

மோதாதா என்றால், மோதும். மோதலைத் தாங்கக்கூடியதாக மாற்றுவதுதான் தந்திரம். அதன் பெயர் ஃப்ரீக்வன்சி ஹாப்பிங். ஒரு கால் ஒரே கேரியரில் உட்கார்ந்திருக்காமல், நொடிக்கு 217 முறை தாவிக்கொண்டே இருக்கும். பக்கத்து டவரும் தாவும், ஆனால் வேறு வரிசையில். ஆகவே இரண்டும் எப்போதாவதுதான் ஒரே கேரியரில் சந்திக்கும். பேச்சின் ஒவ்வொரு 20 மில்லிசெகண்டும் எட்டுத் துணுக்குகளில் பரப்பி அனுப்பப்படுகிறது. எட்டில் ஒன்றிரண்டு அடிபட்டால், மீதியை வைத்து மறுமுனையில் சரிசெய்துவிடலாம். தாவாமல் இருந்தால் ஒருவருக்கு முழு நரகம், இன்னொருவருக்கு முழு சொர்க்கம். தாவினால் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் தொந்தரவு, யாருக்கும் கால் அறுவதில்லை. இது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. ஒரே செக்டாரில் இரண்டு தாவும் கேரியர் இருந்தால் இரண்டும் ஒரே தாளத்தில், ஓர் அடி தள்ளித் தாவும்படி வைப்போம். அப்போது அவை தமக்குள் மோதவே மோதாது.

இன்னொரு உதவி பேச்சிலேயே இருக்கிறது. இருவர் பேசும்போது ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசுவார். மற்றவர் கேட்டுக்கொண்டிருக்கும்போது அவர் போன் அலையை நிறுத்திவிடும். வானத்தில் இருக்கும் சத்தம் ஏறக்குறைய பாதியாகும்.

ஒரு செக்டாரில் எத்தனை பேர் பேசலாம்?

ஒரு கேரியருக்கு எட்டு டைம்ஸ்லாட், அதாவது எட்டு நேரப் பங்கு. ஒன்று கட்டுப்பாட்டுக்குப் போக, பேச்சுக்கு ஏழு. நூறு பேர் முயன்றால் இரண்டு பேருக்கு மேல் 'லைன் பிஸி' கேட்கக் கூடாது என்று வைத்துக்கொண்டு, எர்லாங் என்பவர் நூறு வருடத்துக்கு முன் கோபன்ஹேகன் தொலைபேசி நிலையத்துக்காகப் போட்ட சூத்திரத்தில் போட்டால், ஏழு தடங்கள் 2.9 எர்லாங் தாங்கும் (ஒரு தடம் ஒரு மணி நேரம் முழுக்கப் பேச்சில் இருந்தால் ஒரு எர்லாங்). நெரிசல் மணி நேரத்தில் ஒவ்வொருவரும் ஒன்றரை நிமிடம் பேசுவார்கள் என்றால், ஏறத்தாழ 117 சந்தாதாரர்கள்.

மூன்று கேரியர் வைத்தால், 24-இல் இரண்டு கட்டுப்பாட்டுக்குப் போக, தடங்கள் 22, தாங்குவது 14.9 எர்லாங், சந்தாதாரர்கள் 595 அளவில். கேரியர் மூன்று மடங்கு, ஆள் ஐந்து மடங்கு! பெரிய வரிசை ஒன்றை எல்லோரும் பங்கிட்டால் காலியிடம் வீணாவதில்லை. குறுக்கீட்டைக் கட்டுப்படுத்தி செக்டாருக்கு இன்னொரு கேரியர் தேற்றிக்கொடுப்பதற்கு ஏன் இவ்வளவு பாடுபடுகிறோம் என்று இந்தக் கணக்கைப் பார்த்தால் புரியும்.

சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையில் இறங்கும் நாளை நினைத்துப் பாருங்கள். லட்சக்கணக்கான பேர் ஒரே ஆற்றங்கரையில். வண்டியில் வைத்த டவரைக் கொண்டுவந்து நிறுத்தலாம். இரும்பும் கேபிளும் கிடைத்துவிடும். ஆனால் அதற்கு எந்த அலைவரிசையைக் கொடுப்பது? சுற்றியிருக்கும் டவர்களிடமிருந்து பிடுங்க வேண்டும், அல்லது அவற்றின் பவரைக் குறைத்து ஒதுங்கவைக்க வேண்டும்.

இதையெல்லாம் கம்ப்யூட்டரிடம் விட்டுவிடக் கூடாதா?

விடுகிறோம், ஆனால் முழுசாக அல்ல. அண்டை நாடுகளுக்கு ஒரே நிறம் வராமல் வரைபடத்துக்கு வண்ணம் தீட்டும் கணக்கின் உறவுக்காரக் கணக்கு இது. வரைபடத்துக்கு நான்கு நிறம் போதும் என்று நிரூபித்திருக்கிறார்கள். ஆனால் டவர்களில் எதிரி பக்கத்து வீட்டுக்காரராக மட்டும் இருக்க மாட்டார். மூன்று டவரைத் தாண்டி ஒரு மேட்டில் இருப்பவரும் எதிரிதான். அதனால் மிகச் சிறந்த விடையைக் கண்டுபிடிக்கும் வேகமான வழி எதுவும் இதுவரை இல்லை. மென்பொருள் ஒரு நல்ல திட்டம் தரும், அதைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தத் தெருவில் என்ன இருக்கிறது என்று தெரிந்த ஆள் நாலு இடத்தில் திருத்துவார். ராத்திரி ஒரு மணிக்கு, பேச்சு அடங்கிய பிறகு, ஊர் முழுக்க அலைவரிசைகளை ஒரே மூச்சில் மாற்றுவோம். ரீடியூன் என்போம். விடிவதற்குள் ட்ரைவ் டெஸ்ட் வண்டி ஊரைச் சுற்றி வந்துவிட வேண்டும்.

அடுத்தடுத்த அலைவரிசைகள் ஒன்றை ஒன்று தொந்தரவு செய்யுமா?

செய்யும், ஆனால் ஒரே அலைவரிசை மோதலைப் போல் கொடுமையாக இராது. ஜிஎஸ்எம்மில் பக்கத்துக் கேரியர் உங்கள் கேரியரைப் போல் 8 மடங்கு பலமாக வந்தாலும் போன் சமாளிக்கும், அதைத் தாண்டினால் திணறும். அதனால் ஒரே செக்டாரில் அடுத்தடுத்த எண்களைக் கொடுப்பதில்லை, முட்டிக்கொள்ளும் செக்டார்களிலும் முடிந்தவரை தவிர்க்கிறோம். அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் சிக்னல் குறைவு. டவரின் பவரைக் கூட்டினால் என்ன?

பவரைக் கூட்டினால் உங்களுக்குக் கேட்பது கூடும், உங்கள் அண்டை ஊருக்கு இடைஞ்சலும் அதே அளவு கூடும். அவர்கள் தங்கள் டவரைக் கூட்டச் சொல்வார்கள். பந்தியில் எல்லோரும் ஒரே நேரத்தில் குரலை உயர்த்தினால் என்ன ஆகுமோ அதுதான். அதுவுமில்லாமல் உங்கள் போனின் பவர் அதோடு சேர்ந்து ஏறாது. 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 2ஜி போனின் உச்சம் 2 வாட். டவர் சொல்வது உங்களுக்குக் கேட்கும், நீங்கள் சொல்வது அதற்குக் கேட்காது.

நல்ல நெட்வொர்க்கில் பவரைக் குறைத்துக்கொண்டேதான் இருப்பார்கள். டவருக்குப் பக்கத்தில் இருக்கும் போனை, நொடிக்கு இரண்டு முறை அளவில், "இன்னும் மெதுவாகப் பேசு" என்று டவர் இறக்கிக்கொண்டே வரும். 2 வாட்டில் தொடங்கிய போன் சில மில்லிவாட்டுக்கு வந்துவிடும். பேட்டரியும் மிச்சம், அண்டை டவர்களுக்கும் நிம்மதி.

பவரைவிட முக்கியம் ஆன்டெனா எங்கே பார்க்கிறது என்பது. வழக்கமான மருந்து டில்ட்: ஆன்டெனாவை நாலைந்து டிகிரி குனியவைத்தால் அலை தன் செல்லுக்குள் விழுந்துவிடும், தொலைவுக்குப் போகாது. இந்த மருந்து எனக்குத் தலைகீழாக வேலை செய்த ஓர் அனுபவம் உண்டு. கொடைக்கானல் பக்கம் ஒரு தளம். கீழே வத்தலக்குண்டு வட்டாரத்தில் கால்கள் அறுந்துகொண்டே இருந்தன. மலைமேல் இருக்கும் டவரின் அலை சுமார் 20 கிலோமீட்டர் தள்ளிச் சமவெளியில் பலமாக இறங்கியிருந்தது. போன்கள் அதைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் வண்டி நகர்ந்ததும் பக்கத்து டவர்களின் பட்டியல் கொடைக்கானலுடையதாக இருப்பதால், போக இடம் தெரியாமல் கால் அறுந்துவிடும். நான் பழக்கதோஷத்தில் டில்ட்டைக் கூட்டினேன். நிலைமை மோசமானது. அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மலைக்கும் சமவெளிக்கும் உயர வித்தியாசம் 1,800 மீட்டர் அளவு, தூரம் 20 கிலோமீட்டர். அப்படியானால் சமவெளி கிடைமட்டத்துக்கு 5 டிகிரி கீழே இருக்கிறது. நான் குனியவைத்தது நேராக வத்தலக்குண்டின் தலைமேல்! கடைசியில் ஆன்டெனாவின் திசையைக் கொடைக்கானல் ஊர்ப் பக்கம் திருப்பி, கம்பத்தில் இறக்கிக் கட்டி, மலை விளிம்பே அலையை மறைக்கும்படி செய்தோம். பாறையைவிட நல்ல வடிகட்டி கிடையாது.

3ஜி-யில் எல்லா டவருக்கும் ஒரே அலைவரிசை என்கிறார்களே, அது எப்படி?

அங்கே ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு குறியீடு உண்டு. எல்லோரும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், ஆனால் ஆளுக்கொரு மொழியில். உங்கள் மொழி தவிர மற்றது வெறும் இரைச்சலாகக் கேட்கும். அலைவரிசைத் திட்டம் தேவையில்லை. அதற்குப் பதிலாக பவர் கட்டுப்பாடு உயிர்நாடி ஆகிவிட்டது. டவருக்குப் பக்கத்தில் ஒருவர் கத்தினால் தூரத்தில் இருப்பவர்கள் மொத்தமும் மூழ்கிவிடுவார்கள். அதனால் 3ஜி டவர் ஒவ்வொரு போனையும் நொடிக்கு 1,500 முறை ஏற்றி இறக்குகிறது. கூட்டம் கூடும்போது இரைச்சலும் கூடி, செல்லின் எல்லை தானே சுருங்கும். காலையில் கிடைத்த சிக்னல் மாலையில் அதே திண்ணையில் கிடைக்காமல் போனதற்கு இது ஒரு காரணம்.

சிடிஎம்ஏ நிறுவனங்களுக்கும் ஜிஎஸ்எம் நிறுவனங்களுக்கும் குறுக்கீட்டுத் தகராறு இருந்ததாகக் கேள்விப்பட்டேன். என்ன நடந்தது?

சிடிஎம்ஏ என்பது 3ஜி போலவே ஆளுக்கொரு குறியீடு கொடுக்கும் அமெரிக்கப் பாணி முறை, முன்பு இங்கே இருந்தது. அமெரிக்கப் பாணி அலைவரிசை ஒன்றையும் ஐரோப்பியப் பாணி ஒன்றையும் ஒரே நாட்டில் பக்கத்துப் பக்கத்தில் வைத்ததன் விளைவு. சிடிஎம்ஏ டவர்கள் போன்களுக்குப் பேசியது 869 முதல் 889 மெகாஹெர்ட்ஸ் வரை. ஜிஎஸ்எம் டவர்கள் போன்களைக் கேட்பது 890 முதல் 915 வரை. ஏட்டில் இடைவெளி ஒரே ஒரு மெகாஹெர்ட்ஸ். ஒருவர் உரக்கப் பேசும் இடத்துக்கு ஒட்டியே இன்னொருவர் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்தக் காது எவ்வளவு நுட்பமானது தெரியுமா? ஒரு வாட்டைப் பத்து லட்சம் கோடி கூறாக்கினால் அதில் ஒரு கூறுக்கும் குறைவான சிக்னலை ஜிஎஸ்எம் டவர் கேட்டாக வேண்டும். பக்கத்து மாடியில் சிடிஎம்ஏ டவர் 20 வாட்டில் பேசிக்கொண்டிருந்தது. இதில் இரண்டு விதமான தொல்லை. சிடிஎம்ஏ டவரின் அலையில் கொஞ்சம் வரம்பு தாண்டி 890-க்கு மேலே சிந்தும். அதை அவர்கள் பக்கம் வடிகட்டி வைத்துத்தான் தடுக்க முடியும். இன்னொன்று, சிந்தாவிட்டாலும் அந்தப் பலமான அலையே ஜிஎஸ்எம் ரிசீவரைத் திணறடிக்கும். அதற்கு வடிகட்டி ஜிஎஸ்எம் பக்கம் வைக்க வேண்டும். ஆக, தப்பு யாருடையது என்று சண்டை போட்டுப் பயனில்லை, இருவரும் செலவு செய்தால்தான் தீரும். இரண்டு ஆன்டெனாவையும் பக்கவாட்டில் தள்ளி வைப்பதைவிட ஒன்றின் மேல் ஒன்றாக உயரத்தில் பிரித்து வைப்பது நிறையப் பலன் தரும். ஒரே கம்பத்தை நாலு நிறுவனம் பங்கிடும் இடங்களில் இதற்காகத் தலைகீழாக நின்றிருக்கிறோம்.

துருப்பிடித்த போல்ட்கூடக் குறுக்கீடு உண்டாக்கும் என்பது உண்மையா?

முழுக்க உண்மை. இரண்டு பலமான அலைகள் ஒரு துருப்பிடித்த இணைப்பிலோ, சரியாக முறுக்காத கனெக்டரிலோ ஒன்றாகப் போகும்போது, அங்கே புதிய அலைவரிசைகள் பிறக்கும். முதல் அலைவரிசையின் இரு மடங்கிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவது அவற்றில் ஒன்று. 935-ஐயும் 960-ஐயும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே டவர் பேசும் பக்கம். 935-ஐ இரட்டித்து 960-ஐக் கழித்தால் 910. அது டவர் கேட்கும் பக்கம்! தன் குரலே தன் காதில் இரைச்சலாக விழும். வெளியே எங்கும் எதிரி இல்லை, கம்பத்தின் மேலேயே இருக்கிறான். கடலோரத் தளங்களில் உப்புக்காற்று பட்டு இது அடிக்கடி வரும். கனெக்டரைக் கழற்றித் துடைத்து, டார்க் ஸ்பேனரால் சொன்ன அளவுக்கு முறுக்கியதும் மாயமாய் மறைந்துவிடும்.

தனுஷ்கோடிக்குப் போனால் போனில் இலங்கை நெட்வொர்க் வருகிறதே?

தனுஷ்கோடி முனைக்கும் தலைமன்னாருக்கும் இடையே கடல் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். நடுவில் கட்டடமோ மரமோ இல்லை. 2ஜி-யில் போனுக்கும் டவருக்கும் இடையே சாதாரணமாக அனுமதிக்கப்படும் தூரம் 35 கிலோமீட்டர். அலை போய்வரும் நேரத்தை டவர் 63 படிகளில்தான் ஈடுகட்டும், ஒரு படி சுமார் 550 மீட்டர் என்பதால் வந்த எல்லை அது. ஆகவே தலைமன்னார் கரை கணக்குப்படியே எட்டும் தூரத்தில் இருக்கிறது. போனில் நெட்வொர்க்கைத் தானாகத் தேடவிடாமல் கையால் தேர்ந்தெடுத்து வையுங்கள், ரோமிங் கட்டணத்திலிருந்து தப்பிக்கலாம்.

சில நாட்களில் இதைவிட வெகுதூரமும் வரும். கடலின் மேலே ஈரமும் குளிர்ச்சியுமான காற்று, அதற்கு மேல் காய்ந்த வெப்பக் காற்று என்று அடுக்கு அமைந்தால், அலை வளிமண்டலத்தில் குழாய்க்குள் போவதுபோல் வளைந்து வளைந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். எண்பதுகளில் உயரமான ஆன்டெனா கட்டி இலங்கை டிவி ரூபவாஹினி பார்த்த தென்மாவட்டத்துக்காரர்களுக்கு இது புதிதல்ல. படம் சில நாள் பளிச்சென்றும் சில நாள் புள்ளியாகவும் வரும்.

வீட்டில் சிக்னல் பூஸ்டர் வாங்கி வைக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். ஆன்லைனில் மூன்றாயிரம் நாலாயிரத்துக்குக் கிடைக்கும் பெட்டிகளைப் பற்றித்தான் சொல்கிறேன். அது உங்கள் சிக்னலோடு சேர்த்து இரைச்சலையும் பெருக்கி டவருக்கு அனுப்பும். மாடியில் இருக்கும் ஆன்டெனாவும் உள்ளே இருக்கும் ஆன்டெனாவும் ஒன்றை ஒன்று கேட்டுவிட்டால், மைக்கும் ஸ்பீக்கரும் நேருக்கு நேர் வைத்ததுபோல் ஊளையிடத் தொடங்கும். அந்த ஊளை டவரின் காதில் விழும். உங்கள் வீட்டில் நாலு கோடு வந்திருக்கும், அந்தத் திசை செக்டாரில் இருக்கும் அத்தனை பேருக்கும் கால் போகாது. அவர்களில் ஒருவர் ஆம்புலன்ஸுக்கு முயன்றுகொண்டிருக்கலாம்.

அனுமதியில்லாமல் இதை வைத்திருப்பது சட்டப்படி குற்றம். 1933-ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டக் காலத்திலிருந்தே அப்படித்தான். மத்திய அரசின் கம்பியில்லாக் கண்காணிப்பு அமைப்பு, திசை காட்டும் ஆன்டெனாவுடன் வண்டியில் வந்து இந்தப் பெட்டிகளைக் கண்டுபிடித்து எடுத்துக்கொண்டு போகும். வீட்டுக்குள் சிக்னல் இல்லையென்றால் வைஃபை காலிங்கைப் போட்டுக்கொள்ளுங்கள். அடுக்குமாடியாக இருந்தால் நெட்வொர்க் நிறுவனத்திடமே கேளுங்கள், அனுமதி பெற்ற உட்புற ஆன்டெனாக்களை அவர்கள் அமைக்கலாம்.

4ஜி, 5ஜி வந்த பிறகு இந்தத் தலைவலி தீர்ந்துவிட்டதா?

உருமாறியிருக்கிறது. 4ஜி-யிலும் எல்லா டவருக்கும் ஒரே அலைவரிசைதான், ஆனால் அதை 180 கிலோஹெர்ட்ஸ் துண்டுகளாக்கி மில்லிசெகண்டுக்கு ஒருமுறை பங்கிடுகிறார்கள். டவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு, "என் எல்லையில் இருப்பவர்களுக்கு இந்தத் துண்டுகளைக் கொடுக்கிறேன், நீ அவற்றில் அடக்கி வாசி" என்று ஏற்பாடு செய்துகொள்ளும். அலைவரிசைத் திட்டத்தின் இடத்தில் இப்போது அடையாள எண் திட்டம் வந்திருக்கிறது. 4ஜி-யில் 504 எண்கள், 5ஜி-யில் 1,008. மூன்றால் வகுத்தால் ஒரே மீதி வரும் எண்களை 4ஜி-யில் எதிரெதிர் செக்டார்களுக்குக் கொடுத்துவிட்டால், அவற்றின் அடையாளச் சிக்னல்கள் ஒரே இடத்தில் விழுந்து மோதும். வேகம் படுத்துவிடும். பழைய ஆட்களுக்கு இது தெரிந்த வியாதிதான், பெயர் மட்டும் புதுசு.

போவதும் வருவதும் ஒரே அலைவரிசையில், நேரத்தால் மட்டும் பிரிக்கப்படும் முறைகளில் இன்னொரு சிக்கல். 2300 மெகாஹெர்ட்ஸ் 4ஜி-யும் 3300-க்கு மேலே உள்ள 5ஜி-யும் இப்படிப்பட்டவை. எல்லா டவரும் ஒரே கடிகாரத்தில் பேசி, ஒரே கடிகாரத்தில் வாயை மூடிக் கேட்க வேண்டும். அதற்காகத்தான் டவர்களில் ஜிபிஎஸ் ஆன்டெனா இருக்கிறது. ஒன்றின் கடிகாரம் பிசகினால் சுற்றியிருக்கும் எல்லாம் செவிடாகும். மேலே சொன்ன காற்றுக் குழாய் அமையும் நாட்களில் கடிகாரம் சரியாக இருந்தும் பயனில்லை. ஒளி 1 மில்லிசெகண்டில் 300 கிலோமீட்டர் போகும், ஆகவே அந்தத் தூரத்தில் ஒரு டவர் பேசியது இங்கே கேட்கும் முறையில் வந்து விழும்.

விமான நிலையங்களையும் சொல்ல வேண்டும். விமானம் தரையிறங்கும்போது உயரத்தை அளக்கும் ரேடியோ கருவி 4200 முதல் 4400 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. இடையில் நல்ல இடைவெளி இருந்தும், பழைய கருவிகள் 5ஜி அலையில் ஏமாறக்கூடும் என்ற அச்சத்தில், 2022 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை ஓர் உத்தரவு போட்டது. ஓடுபாதையின் இரு முனைகளிலிருந்தும் 2.1 கிலோமீட்டருக்குள்ளும், நடுக்கோட்டிலிருந்து 910 மீட்டருக்குள்ளும் 3300 முதல் 3670 வரையிலான 5ஜி டவர் வைக்கக் கூடாது என்றது அது. மீனம்பாக்கம் மாதிரி ஓடுபாதையை ஒட்டியே வீடுகள் இருக்கும் இடத்தில் 5ஜி ஏன் தடவியது என்று கேட்டவர்களுக்கு இதுவும் ஒரு விடை. உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் அந்த எச்சரிக்கை சரி என்றே நினைக்கிறேன்.

எங்கள் தெருவில் கால் அறுந்துகொண்டே இருக்கிறது. புகார் செய்யும்போது என்ன சொன்னால் உங்கள் ஆட்களுக்குப் பயன்படும்?

"சிக்னல் இல்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். கோடு எத்தனை காட்டியது என்பதைச் சொல்லுங்கள். கோடு முழுசாக இருந்து பேச்சு கெட்டிருந்தால் அதைத் தனியாக அழுத்திச் சொல்லுங்கள், அது குறுக்கீட்டின் கையெழுத்து. எந்த நேரம்? நாள் முழுக்கவா, சாயங்காலம் மட்டுமா? நின்ற இடத்திலா, நடக்கும்போதா? மற்றவர் குரல் உங்களுக்குக் கெட்டதா, உங்கள் குரல் அவர்களுக்குக் கெட்டதா? இந்தக் கடைசிக் கேள்வி எங்களுக்குத் தங்கம். உங்கள் குரல் மட்டும் கெட்டால் டவரின் காதில் கோளாறு, அதாவது பூஸ்டரோ துருவோ ஜாமரோ (சிக்னலை முடக்கும் கருவி). அவர்கள் குரல் மட்டும் கெட்டால் உங்கள் இடத்தில் இரண்டு டவர்கள் மோதுகின்றன. முதலாவதற்கு ஆள் கம்பம் ஏற வேண்டும், இரண்டாவதற்கு நான் ராத்திரி ஒரு மணிக்கு எழுந்தால் போதும்.